கண்ணுக்குத் தமிழ், கூகிளுக்குக் குப்பை: பழைய வெப்சைட்டைச் சரிசெய்யப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"தம்பி, எங்கட மண்டபம் கூகிளில வருதில்லை. வெப்சைட் செய்யக் காசு குடுத்துப் பத்து வருசமாச்சு. ஒருக்கா பாத்துச் சொல்லுமன்."

கொக்குவில் பக்கம் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ஒருவர் இப்படிக் கேட்டபோது, அங்கேயே நின்று போனில் திறந்து பார்த்தேன். குத்துவிளக்குப் படம், மணவறைப் படம், தமிழில் நீளமான அறிமுகம் எல்லாம் இருந்தன. தளம் உயிரோடுதான் இருந்தது. ஆனால் மண்டபத்தின் பெயரைத் தமிழில் தட்டித் தேடினால், யாரோ ஒரு விருந்தாளி பேஸ்புக்கில் போட்ட படம் வந்தது. மண்டபத்தின் சொந்தத் தளத்தைக் காணவில்லை.

யாழ்ப்பாணத்தில் இப்படி நிறையத் தளங்கள் உண்டு. விடுதி, ரியூசன் நிலையம், பழைய மாணவர் சங்கம், கோயில் என்று எல்லாருக்கும் ஒரு காலத்தில் தளம் திறக்கும் ஆசை வந்தது. பலவற்றை வெளிநாட்டில் இருக்கும் மருமகனோ பெறாமகனோ ஓய்வு நேரத்தில் செய்து கொடுத்தார். செய்த நாளில் அது நல்ல வேலைதான். அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை, அவ்வளவுதான். அப்படி ஒரு தளத்தை உங்கள் கையில் தந்து "இதைக் கொஞ்சம் பார்" என்று யாராவது சொல்லியிருந்தால், இது உங்களுக்கு.

முதலில் சாவியைத் தேடுங்கள்

டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, யார் பெயரில் இருக்கிறது? புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல் யாருக்குப் போகிறது? ஹோஸ்டிங், அதாவது தளத்தின் கோப்புகள் இருக்கும் இடத்தின் கடவுச்சொல் யாரிடம்? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் ஒரு வரியையும் தொடாதீர்கள். மண்டபத்துக்காரரின் டொமைன், ரொறன்ரோவில் இருக்கும் பெறாமகன் இப்போது பாவிக்காத ஒரு மின்னஞ்சலில் பதிந்திருந்தது. அதை மீட்க எனக்கு இரண்டு கிழமை போனது. தளத்தைத் திருத்த அதைவிடக் குறைந்த நாள்தான் பிடித்தது.

சாவி கிடைத்ததும் முழுத் தளத்தையும் தரவுத்தளத்தோடு சேர்த்து ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அப்புறம் கூகிள் சேர்ச் கொன்சோலில் தளத்தைச் சேருங்கள். இலவசம்தான். உரிமையை உறுதிப்படுத்த டொமைன் அமைப்பில் ஒரு வரி சேர்க்கச் சொல்லும், அதனால்தான் சாவியை முதலில் கேட்டேன். கூகிள் உங்கள் தளத்தை எப்படிப் பார்க்கிறது, எந்தப் பக்கத்தை ஏன் ஒதுக்கியது என்பதெல்லாம் அங்கே தெரியும்.

வட்ஸ்அப் சோதனை

எங்கள் ஊர்த் தளங்களுக்கு நான் முதலில் செய்யும் சோதனை இது. தளத்தில் ஒரு தமிழ் வரியை விரலால் அழுத்திப் பிடித்துப் பிரதி எடுங்கள். வட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பப் போவதுபோல ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் சரி, அடுத்த பகுதிக்குப் போகலாம். ஆங்கில எழுத்துகளும் செமிக்கோலன்களும் கலந்த குப்பையாக வந்தால், உங்கள் தளம் பாமினியில் இருக்கிறது.

பாமினி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது தமிழ் உருவம் போட்டுக்கொண்ட ஆங்கில எழுத்துரு. கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழே இல்லை. "தமிழ்" என்ற சொல்லைப் பாமினியில் அடித்தால் உள்ளே சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு செமிக்கோலன். ஜே என்ற எழுத்தின் இடத்தில் "த" என்ற உருவத்தையும், செமிக்கோலன் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளியையும் எழுத்துரு வரைந்து காட்டுகிறது. நம் கண்ணுக்குத் தமிழ். கூகிள் உருவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே கிடக்கும் எழுத்தை எடுத்துக்கொள்கிறது. அதற்கு அது எந்த மொழியிலும் சேராத குப்பை.

பழைய காலத்தில் இந்தக் கோளாறு கண்ணுக்குத் தெரிந்தது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குப்பைதான் தெரியும். பக்கத்தின் மேலே "எழுத்து தெரியாவிட்டால் இங்கே அழுத்தவும்" என்று ஒரு இணைப்பு இருக்கும். பிறகு எழுத்துருவைத் தளத்தோடு சேர்த்தே அனுப்பும் வசதி எல்லா உலாவியிலும் வந்தது. பாமினியையும் அப்படி ஏற்றிவிட்டார்கள். எல்லாப் போனிலும் அழகாகத் தெரிந்தது. பார்ப்பவர்களுக்கு ஒரு குறையும் இல்லாததால், நோய் இருப்பதே யாருக்கும் தெரியாமல் போனது. மண்டபத்துக்காரர் பத்து ஆண்டுகள் அப்படித்தான் இருந்தார்.

இதற்கு மருந்து யூனிக்கோட்: உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் கொடுக்கும் பொதுமுறை. அதில் தமிழுக்கென்றே தனி இடம் உண்டு, 1991இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே. விண்டோஸ் 2000 லதா என்ற யூனிக்கோட் தமிழ் எழுத்துருவோடு வந்தது. ஆக யூனிக்கோட் நேற்று வந்த பொருள் அல்ல. பாமினி எங்களிடம் நிலைத்ததற்கு அச்சகமும் விரல் பழக்கமும்தான் காரணம். பழக்கத்தை விடவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை: இ-கலப்பை போன்ற செயலிகளில் பாமினி விசைப்பலகையைத் தெரிவு செய்துகொண்டால், விரல் பழைய இடத்திலேயே ஓடும், எழுத்து யூனிக்கோட்டாக விழும். ரைப்செற்றிங் செய்யும் அக்காமாருக்கு இதைக் காட்டினால் அரைமணி நேரத்தில் பிடித்துவிடுவார்கள்.

மாற்றும் வேலை

பாமினியை யூனிக்கோட்டாக மாற்றித் தரும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. ஒட்டினால் மாற்றிவிடும். ஆனால் பக்கம் முழுவதையும் அள்ளி ஒட்டாதீர்கள். மாற்றிக்கு எது உண்மையான ஆங்கிலம், எது வேடம் போட்ட ஆங்கிலம் என்று தெரியாது. உங்கள் மின்னஞ்சல் முகவரியையும் அது தமிழாக்கிவிடும். பந்தி பந்தியாக எடுத்து, ஆங்கிலச் சொற்களையும் முகவரிகளையும் ஒதுக்கிவைத்து மாற்றுங்கள்.

மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து வாசிக்கவேண்டும். பழைய எழுத்துருவில் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்ததால் ஆட்கள் எழுத்தை மாற்றி அடித்திருப்பார்கள். துணைக்காலுக்குப் பதில் "ர" இருக்கும். "ஔ" என்பதற்குப் பதில் "ஒ" வும் "ள" வும் தனித்தனியாக இருக்கும். பார்வைக்கு ஔவையார்தான், தேடலுக்கு அவர் வேறு ஆள். இந்த வாசிப்புக்கு ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவரைப் பிடித்தால் புண்ணியம்.

அடுத்து மூன்று இடங்களில் புதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

பக்கத்தின் குறியாக்கம், அதாவது எழுத்தைக் கோப்பில் சேமிக்கும் முறை, யுடிஎப்-8 என்று இருக்கவேண்டும், கோப்பும் அப்படியே சேமிக்கப்பட்டிருக்கவேண்டும். இரண்டில் ஒன்று பிசகினால், தலையில் கோடு போட்ட ஆங்கில "ஏ" எழுத்தும் வட்டத்துக்குள் அடைபட்ட ஆங்கில "ஆர்" எழுத்தும் வரிசையாக வரும். அதைக் கண்டால் பயப்படவேண்டாம், எழுத்து தொலையவில்லை, அமைப்புத்தான் பிழை.

ஆனால் வரி முழுக்கக் கேள்விக்குறியாக வந்தால் பயப்படத்தான் வேண்டும். பழைய தரவுத்தளம் லத்தீன் எழுத்துக்கு மட்டும் இடம் வைத்திருக்கிறது, நீங்கள் சேமித்த தமிழை அது தூக்கி எறிந்துவிட்டது. தரவுத்தளம் மைஎஸ்கியூஎல் வகை என்றால் யுடிஎப்8எம்பி4 என்ற எழுத்து அமைப்புக்கு மாற்றிவிட்டுத்தான் தமிழை ஏற்றவேண்டும். பிரதி எடுத்து வையுங்கள் என்று முதலிலேயே சொன்னது இதற்குத்தான்.

மூன்றாவது, எழுத்துருவையும் நிறத்தையும் சொல்லும் ஒப்பனைக் கோப்பில் (சிஎஸ்எஸ்) பாமினி என்ற பெயரை அழிக்க மறப்பது. யூனிக்கோட் தமிழ் எப்படியோ சரியாகத் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் இருக்கும் மின்னஞ்சல் முகவரிதான் இப்போது விளங்காத தமிழாகக் காட்சி தரும். எனக்கே நடந்தது. ஒரு நாள் முழுக்கத் தரவுத்தளத்தில் பிழை தேடினேன்.

தலைப்பையும் மறக்காதீர்கள். உலாவியின் மேற்பட்டியிலும் கூகிள் முடிவுகளிலும் நீல நிறத்தில் வரும் வரி பெரும்பாலும் அதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. மண்டபத்தின் ஏழு பக்கங்களுக்கும் ஒரே தலைப்பு: "அன்டைட்டில்ட் டொகுமென்ட்". செயலி தானாகப் போட்டது, யாரும் மாற்றவில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் அதற்குரிய தலைப்பு வேண்டும்: மண்டபத்தின் பெயர், ஊர், அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது. அவ்வளவு போதும்.

படத்துக்குள் அடைபட்ட எழுத்து

பாமினி மற்றவர் கணினியில் தெரியாது என்ற பயத்தில் பிறந்தது இன்னொரு பழக்கம். முக்கியமான எதையும் படமாக்கி ஒட்டுவது. மண்டபத்தின் கட்டண விபரம், எத்தனை பேர் இருக்கலாம், குளிரூட்டி உண்டா, வாகனம் நிறுத்த இடம் உண்டா எல்லாம் ஒரே ஒரு வண்ணப் படத்துக்குள் இருந்தன. ஆவணியில் தம்பியின் மகளுக்குக் கலியாணம் வைக்கப்போகும் அக்கா ஒருவர் லண்டனில் இருந்து தேடும்போது இந்தக் கேள்விகளைத்தான் கேட்பார். பதில் படத்துக்குள் இருந்தால் அவர் தேடலுக்கு அது அகப்படும் என்று நம்பி இருக்கமுடியாது. முக்கியமான விடயங்களைப் படத்துக்குள் புதைக்காமல் எழுத்தாகவே போடுங்கள் என்பதுதான் கூகிள் தளக்காரருக்குச் சொல்லும் அறிவுரையும்.

ஆகவே சுவரொட்டி, கட்டணப் பட்டியல், ஸ்கான் செய்த பிடிஎப் எல்லாவற்றையும் பார்த்து, அதில் உள்ளதைப் பக்கத்தில் எழுத்தாக அடியுங்கள். படமும் இருக்கட்டும், அழகுக்கு. படத்துக்குப் பின்னால் எழுதிவைக்கும் மாற்றுரையில் (ஆல்ட்) அது என்ன படம் என்று ஒரு வரி எழுதுங்கள். "மணவறை, 2ஆம் மாடி மண்டபம்" என்றால் போதும். அங்கே பத்துத் தேடல் சொற்களைத் திணிப்பதில் பயன் இல்லை.

எழுதும்போது சனம் தேடும் சொல்லைப் பாவியுங்கள். "வைபவங்களுக்கான மண்டப வசதிகள்" என்று யாரும் தேடமாட்டார்கள். "சாமத்திய வீட்டுக்கு மண்டபம்", "யாழ்ப்பாணம் கல்யாண மண்டபம்" என்று தேடுவார்கள். சேர்ச் கொன்சோலில் சில கிழமைகள் கழித்து உங்கள் தளத்துக்கு ஆட்கள் என்ன சொல் போட்டு வந்தார்கள் என்ற பட்டியலே கிடைக்கும். அதைப் பார்த்துத் திருத்தலாம்.

ஒரே முகவரியில் இரண்டு மொழி

வெளிநாட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் தேடுவார்கள். அதனால் ஆங்கிலமும் வேண்டும். பழைய தளங்களில் இதை இரண்டு விதமாகச் செய்திருப்பார்கள். ஒன்று, ஒரே பக்கத்தில் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். மற்றது, மேலே ஒரு கொடியை அழுத்தினால் முகவரி மாறாமல் எழுத்து மட்டும் மாறும். இரண்டாவது மோசம். கூகிள் கொடியை அழுத்திப் பார்க்காது. முதலில் திறக்கும் மொழியை மட்டுமே பார்த்துவிட்டுப் போகும். தமிழுக்கு ஒரு முகவரி, ஆங்கிலத்துக்கு ஒரு முகவரி, இரண்டுக்கும் இடையில் சாதாரண இணைப்பு. இதுதான் சரி. பக்கம் தமிழ் என்று குறியில் எழுதி வைப்பதால் மட்டும் கூகிள் நம்பாது, அது உள்ளே உள்ள எழுத்தைப் பார்த்தே மொழியை முடிவு செய்கிறது.

போனில் எப்படி இருக்கிறது?

தளத்தின் அடியில் "இன்டர்நெட் எக்ஸ்புளோரரில், 1024 பிக்சல் திரையில் பார்க்கச் சிறந்தது" என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு அழியுங்கள். எக்ஸ்புளோரரை மைக்ரோசொப்ட் 2022 ஜூனில் ஓய்வுக்கு அனுப்பிவிட்டது.

சிரிக்க முடியாத விடயம் இது: கூகிள் இப்போது தளங்களைக் கைத்தொலைபேசியின் கண்ணால்தான் பார்க்கிறது. 2016இல் அறிவித்து, மெல்ல மெல்ல மாற்றி, 2023இல் முடிந்தது என்று அறிவித்தார்கள். கணினியில் உங்கள் தளம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், போனில் திறந்தால் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. போனுக்கென்று தனியாக ஒரு சிறிய தளம் வைத்து, அதில் பாதி விபரத்தை வெட்டியிருந்தால், வெட்டிய பாதி கூகிளுக்கு இல்லை.

அட்டவணைகளை அடுக்கி அகலம் கட்டிய பழைய பக்கத்தை ஒட்டுப்போட்டுத் திருத்துவதைவிட, போனுக்கு ஏற்றபடி தானாக மடங்கும் புதிய வார்ப்புரு ஒன்றில் எழுத்தை மாற்றி ஏற்றுவது சுகம். இது என் அனுபவம். ஏழு பக்கத் தளத்துக்கு ஒட்டு வேலை பார்த்து நேரம் வீணாக்காதீர்கள்.

படங்களின் எடையையும் பாருங்கள். கமராக்காரர் தந்ததை அப்படியே ஏற்றியிருப்பார்கள், ஒவ்வொன்றும் ஐந்தாறு மெகாபைட். அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி என்ற பட வடிவில் சேமித்தால் சில நூறு கிலோபைட்டுக்குள் வந்துவிடும். திரையில் தெரியும் ஆகப் பெரிய படமோ எழுத்துத் துண்டோ 2.5 செக்கனுக்குள் தெரியவேண்டும் என்பது கூகிளின் அளவுகோல். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் பக்கத்தில் முகவரியைப் போட்டால் சொல்லும். அதில் நூற்றுக்கு நூறு வாங்க இரவு பகலாக நிற்கவேண்டாம். தேடுபவருக்குப் பொருத்தமான விடயம் இருப்பதுதான் பெரிது, வேகம் அதற்குப் பின்னால்தான்.

செத்துப்போன வித்தைகள்

அசையும் படங்களுக்குப் பாவித்த பழைய பிளாஷில் செய்த முகப்பு இருந்தால் அது இப்போது வெறும் சாம்பல் பெட்டி. அதன் சொந்தக்காரரான அடோபி 2020 முடிவோடு ஆதரவை நிறுத்தியது, 2021 ஜனவரி 12 முதல் ஓடவே விடவில்லை. கூகிள் அதற்கு முன்பே, 2019இல், பிளாஷை வாசிப்பதைக் கைவிட்டிருந்தது.

பிரேம் போட்ட தளத்தில், மெனு ஒரு கோப்பு, உள்ளடக்கம் வேறு கோப்பு. தேடலில் வருபவர் மெனு இல்லாத வெறும் நடுத்துண்டில் வந்து விழுந்து, எங்கே போவதென்று தெரியாமல் திரும்பிவிடுவார். "உள்ளே நுழைக" என்று படம் மட்டும் காட்டும் நுழைவுப் பக்கத்தையும் தூக்கிவிடுங்கள். முகப்பு என்பது உங்கள் தளத்தின் மிக முக்கியமான பக்கம், அதில் ஒரு வசனம்கூட இல்லாமல் வைத்திருப்பது கடையைத் திறந்து ஷட்டரைப் பாதியில் விட்டதுபோல. மெனு இணைப்புகள் முகவரி கொண்ட சாதாரண இணைப்புகளாக இருக்கவேண்டும்; அழுத்தினால் ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் ஓடும் பட்டன்களின் பின்னால் கூகிள் போகாது.

முகவரியின் தொடக்கத்தில் எச்டிடிபிஎஸ், அதாவது தகவலைப் பூட்டி அனுப்பும் முறை, இல்லை என்றால் குரோம் 2018 ஜூலை முதல் "பாதுகாப்பற்றது" என்று காட்டுகிறது. அதற்கு வேண்டிய சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கும், ஹோஸ்டிங் பலகையிலேயே பட்டன் இருக்கும்.

ஒளித்துவைத்த சொற்கள்

இதுதான் உண்மையில் தண்டனை வாங்கித் தரக்கூடியது. பக்கத்தின் அடியில் விரலால் இழுத்துத் தெரிவு செய்து பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் "யாழ்ப்பாணம் மண்டபம் யாழ் மண்டபம் மலிவு மண்டபம்" என்று நாற்பது முறை இருந்தால் உடனே அழியுங்கள். கூகிள் இதை ஏமாற்று என்றே எடுக்கும். கூகிள் ஆட்களே பார்த்துக் கைப்பட நடவடிக்கை எடுத்திருந்தால் சேர்ச் கொன்சோலில் அதற்கென்று ஒரு பகுதி இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

வருபவர்கள் வாழ்த்து எழுதும் பழைய விருந்தினர் ஏடு இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். மண்டபத்தின் ஏட்டில் முதல் மூன்று வாழ்த்து உறவினர்களுடையது, மீதி எல்லாம் சூதாட்டத் தள விளம்பரம். அப்படியே பக்கத்தை நீக்கினேன். கூகிளில் சைட் என்ற ஆங்கிலச் சொல், ஒரு கோலன், இடைவெளி விடாமல் உங்கள் முகவரி என்று தேடினால், உங்கள் தளத்தில் அது அறிந்த பக்கங்கள் வரும். நீங்கள் எழுதாத மருந்து விளம்பரமோ ஜப்பானிய எழுத்தோ அதில் தலை காட்டினால், தளத்துக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். ஜூம்லா, வேர்ட்பிரஸ் போன்ற தளம் கட்டும் செயலிகளில் செய்து, புதுப்பிக்காமல் விட்ட பழைய தளங்களில் இது சாதாரணம். அப்போது மற்ற வேலையை நிறுத்திவிட்டு அதை முதலில் துப்புரவாக்குங்கள்.

கவலைப்படத் தேவையில்லாதவை

பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் கீவேர்ட்ஸ் என்ற மெட்டா வரியில் என்ன எழுதலாம் என்று இன்னும் என்னிடம் கேட்கிறார்கள். வலைத்தேடல் வரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகிள் 2009இலேயே சொல்லிவிட்டது. இருந்தால் தீங்கு இல்லை, நேரம்தான் வீண். ஓடும் எழுத்தும் வருகையாளர் எண்ணியும் கண்ணைக் குத்தும், ஆனால் தளத்தை மறைத்ததற்கு அவை காரணம் அல்ல. அவற்றை அழிப்பதை ஒரு மழை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றிய பிறகு

பக்க முகவரிகள் மாறியிருந்தால், பழையது ஒவ்வொன்றிலிருந்தும் அதற்குரிய புதியதற்கு 301 வழிமாற்று, அதாவது நிரந்தரமாக இடம் மாறியது என்று சொல்லும் அறிவிப்பு, போடுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்கு அனுப்பிவிடும் சோம்பேறி வேலை வேண்டாம். புதிய முகவரிகளைச் சுருக்கமாக ஆங்கில எழுத்தில் வைப்பது என் விருப்பம். தமிழ் முகவரியையும் கூகிள் ஏற்கும், ஆனால் வட்ஸ்அப்பில் ஒட்டும்போது சதவீதக் குறிகளாக அரைமுழம் நீளும். பழைய தளத்தை மறைத்து வைத்த காலத்தில் தேடுபொறி எங்கே போகலாம், போகக்கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் யாராவது தடை போட்டிருக்கலாம், அதையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பிறகு சேர்ச் கொன்சோலில் முகப்பின் முகவரியைச் சோதித்து, சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். சில நாளில் வரலாம், சில கிழமையும் ஆகலாம். தினமும் காலையில் தேடிப் பார்த்து மனதை வருத்தவேண்டாம்.

மண்டபத்துத் தளம் மூன்றாவது கிழமையில் தன் பெயருக்கு முதல் இடத்தில் வந்தது. அவர் ஒன்றுக்கு மட்டும் சம்மதிக்கவில்லை: தளம் திறந்ததும் ஒலிக்கும் நாதஸ்வரத்தை எடுக்கக்கூடாதாம். அது 2018இலிருந்தே குரோமில் தானாக ஒலிப்பதில்லை என்று சொன்னேன். போனை எடுத்துத் திறந்து காதில் வைத்துப் பார்த்தார். கடைசியில் முகப்பில் ஒரு பட்டன் போட்டுக் கொடுத்தேன், விரும்பியவர் அழுத்திக் கேட்கலாம்.